மூன்று நாள் காவல்: நுரையீரல் தமனி அடைப்பும் மருத்துவமனைக் கண்காணிப்பும்

(செவிலியர் நினைவு அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

வாழ்நாளெல்லாம் வார்டில் பணியாற்றி மறைந்த ஒரு செவிலியரின் நினைவாக அவருடைய பிள்ளைகள் ஏற்படுத்திய அறக்கட்டளை இது. மருத்துவம் படிக்காதவர்களுக்கும் விளங்கும் தமிழில் ஒரு மருத்துவப் பொருளைப் பேச வேண்டும் என்பதே அவர்கள் விதித்த நிபந்தனை. அதை நிபந்தனை என்பதைவிட நல்வாய்ப்பு என்றே கருதுகிறேன். செவிலியர் ஒருவரின் பெயரால் நடக்கும் சொற்பொழிவு என்பதால், மருந்துக்கு நிகராகச் செவிலியரின் கண்ணும் காதும் உயிர்காக்கும் ஒரு நோயை எடுத்துக்கொண்டேன். நுரையீரல் தமனி அடைப்பு என்பது அதன் பெயர். மருத்துவமனைகளில் நாம் 'பல்மனரி எம்பாலிசம்' என்கிறோம், அவசரத்தில் 'பி.இ.' என்கிறோம்.

நோயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காலின் ஆழத்தில் ஓடும் சிரைகளில் ரத்தம் உறைந்து கட்டியாகிறது. எலும்பு முறிந்து படுத்திருப்பவர்கள், பெரிய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், புற்றுநோயாளிகள், கர்ப்பிணிகள், அண்மையில் பிரசவித்தவர்கள் ஆகியோருக்கு இந்த ஆபத்து கூடுதல். அந்தக் கட்டி பிய்த்துக்கொண்டு ரத்த ஓட்டத்தோடு மேலேறி, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரல் தமனிக்குள் போய் அடைத்துக்கொள்கிறது. நுரையீரலில் காணப்படும் கட்டி அங்கேயே உண்டானதல்ல, தொலைவிலுள்ள சிரையிலிருந்து வந்தது என்பதை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெர்லின் நகரத்து ருடால்ஃப் விர்கோவ் நிறுவினார். உலக ரத்த உறைவு நாளை அவர் பிறந்த அக்டோபர் 13 அன்று கொண்டாடுவது அந்த நன்றியால்தான்.

நோயைக் கண்டுபிடிப்பது பற்றி இன்று நான் அதிகம் பேசப்போவதில்லை. சி.டி. ஆஞ்சியோ எடுத்தாயிற்று, அடைப்பு உறுதியாயிற்று, உறைவுத் தடுப்பு மருந்தான ஹெப்பாரின் ஊசி போட்டாயிற்று, நோயாளி வார்டுக்கு வந்துவிட்டார். அந்த நேரத்திலிருந்து அடுத்த மூன்று நாள்தான் என் பொருள்.

பாஸ்டனில் ஓர் இரவு

1930களின் தொடக்கம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை. பித்தப்பை அறுவை சிகிச்சை முடிந்து ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகியிருந்த ஒரு பெண்மணிக்குத் திடீரென்று நெஞ்சுவலி வந்தது, மூச்சுத் திணறியது. நுரையீரல் தமனி அடைப்பு என்று எட்வர்ட் சர்ச்சில் என்ற அறுவை மருத்துவர் கணித்தார். அன்று அந்த நோய்க்கு மருந்து கிடையாது. ஹெப்பாரின் 1916இலேயே கண்டறியப்பட்டிருந்தாலும், மனிதருக்குச் செலுத்தும் அளவுக்குத் தூய்மையாக்கப்பட்டிருக்கவில்லை. நெஞ்சைத் திறந்து தமனியைக் கீறிக் கட்டியை எடுக்கும் அறுவை ஒன்று இருந்தது. ஜெர்மனியின் ஃப்ரீட்ரிக் டிரெண்டலென்பர்க் 1908இல் முயன்ற அறுவை அது. அதில் ஒரு நோயாளியை முதன்முதலாகப் பிழைக்கவைத்தவர் அவருடைய மாணவர் மார்ட்டின் கிர்ஷ்னர், ஆண்டு 1924. செய்துகொண்ட பெரும்பாலோர் மேசையிலேயே இறந்த அறுவை என்பதால், வேறு வழியே இல்லை என்ற நிலை வரும்வரை எவரும் அதைத் தொடமாட்டார்கள்.

ஆகவே சர்ச்சில் நோயாளியை அறுவை அரங்குக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு, ஜான் கிப்பன் என்ற இளம் மருத்துவரைப் பக்கத்தில் உட்காரவைத்தார். 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடி, ரத்த அழுத்தம், மூச்சு மூன்றையும் குறிக்க வேண்டும். நிலைமை முறிந்தால் குரல் கொடுக்க வேண்டும். கிப்பன் இரவு முழுவதும் குறித்தார். நாடி ஏறியது. சிரைகள் புடைத்தன. ரத்தம் கறுத்தது. காலையில் அழுத்தத்தை அளக்கவே முடியாமல் போனது. சர்ச்சில் நெஞ்சைத் திறந்து ஆறரை நிமிடத்துக்குள் கட்டிகளை எடுத்தும் அந்தப் பெண்மணி பிழைக்கவில்லை.

அந்த இரவில் கிப்பனுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. கறுத்த ரத்தத்தைச் சிரையிலிருந்து வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் தமனிக்குள் திருப்பிவிட்டால், அடைப்பை நீக்கும்வரை உயிரைத் தாங்கிப் பிடிக்கலாம் அல்லவா? அந்த எண்ணத்தைத் தம் மனைவி மேரியோடு சேர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் துரத்தினார். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில், இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையால் 18 வயதுப் பெண்ணொருத்தியின் இதய ஓட்டையை மூடினார். இன்றைய திறந்த இதய அறுவை சிகிச்சையும், உடலுக்கு வெளியே ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் 'எக்மோ'வும் அந்த வழியில் வந்தவை.

இந்த வரலாற்றை மருத்துவ மாணவர்கள் ஓர் இயந்திரம் பிறந்த கதையாகப் படிக்கிறார்கள். ஒரு கண்காணிப்பின் கதையாகவும் அதைப் படிக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். கிப்பனிடம் இரவு முழுவதற்குமான எண்கள் இருந்தன. அவற்றை வைத்துச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. இன்று நம்மிடம் கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. குழாய் விட்டுக் கட்டியை உறிஞ்சி எடுக்கும் கருவி பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆனால் இரவு பத்து மணிக்கும் விடியற்காலை ஆறு மணிக்கும் இடையே அந்த நோயாளியின் சார்ட்டில் எத்தனை எண்கள் இருக்கின்றன, அவற்றை யார் பார்த்தார்கள் என்று கேட்டால், பல மருத்துவமனைகளில் பதில் திருப்தியாக இருப்பதில்லை. என் சொற்பொழிவின் சாரம் இதுதான். இந்த நோயில் மருந்தைத் தொடங்குவது பாதி வேலை. மீதிப் பாதி, அடுத்த மூன்று நாள் விழித்திருந்து காப்பது.

வலது கீழறைக்கு என்ன நேர்கிறது

ஏன் மூன்று நாள்? அதற்கு இரண்டு காரணங்களைப் புரிந்துகொள்ள வேண்டும்.

முதல் காரணம், ஹெப்பாரின் செய்யும் வேலை. அது கட்டியைக் கரைப்பதில்லை. இருக்கும் கட்டி வளராமலும் புதிய கட்டி உண்டாகாமலும் தடுக்கிறது. கரைக்கும் வேலையை உடல் தானே, நாள் கணக்கில், வாரக் கணக்கில் செய்துகொள்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பாரிட், ஜோர்டன் இருவரும் 1960இல் வெளியிட்ட ஆய்வு இதில் மைல்கல். உறைவுத் தடுப்பு மருந்து பெறாத 19 பேரில் 5 பேர் அடைப்பாலேயே இறந்தார்கள். பெற்ற 16 பேரில் அடைப்பால் ஒருவரும் இறக்கவில்லை. அத்தனை வலிமையுள்ள மருந்துதான். ஆனாலும் மருந்து தொடங்கிய அன்றும் மறுநாளும் கட்டி அங்கேயே இருக்கிறது, இதயம் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

இரண்டாம் காரணம், இதயத்தின் வலது கீழறை. இடது கீழறை உடல் முழுவதற்கும் ரத்தத்தைத் தள்ளுவதால் சுவர் தடித்தது. வலது கீழறை நுரையீரலுக்கு மட்டும், மிகக் குறைந்த அழுத்தத்தில் தள்ளுவதால் சுவர் மெலிந்தது. தமனிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் திடீரென்று அடைபட்டால், வெறும் வண்டி இழுத்துப் பழகிய மாட்டைக் கரும்புப் பாரம் ஏற்றிய வண்டியில் பூட்டியதுபோல் ஆகிவிடுகிறது அதன் நிலை. நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தம் இயல்பில் 20க்குள் இருக்கும்; பழக்கமில்லாத வலது கீழறையால் 40க்கு மேல் அதை உயர்த்தித் தள்ள முடியாது. தள்ள முடியாதபோது அது விரிகிறது. விரிந்த கீழறை, நடுச்சுவரை இடப்பக்கம் நெருக்குகிறது. இடது கீழறைக்கு வந்து சேரும் ரத்தமும் குறைகிறது, இடமும் குறைகிறது. உடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து அழுத்தம் இறங்குகிறது. அழுத்தம் இறங்கினால் வலது கீழறையின் தசைக்கே ரத்தம் போதாமல் அது மேலும் சோர்கிறது. இந்தச் சுழலுக்குள் விழுந்த நோயாளியை மீட்பது மிகக் கடினம்.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தம் குறைந்தவுடனே அழுத்தம் இறங்கிவிடுவதில்லை. உடல் முதலில் நாடியை வேகப்படுத்துகிறது; கை கால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்கிறது. இத்தனை செய்து அழுத்தத்தை நிறுத்திவைக்கிறது. எல்லாக் கையிருப்பும் தீர்ந்த பிறகுதான் அழுத்தம் விழுகிறது. ஆகவே இந்த நோயில் ரத்த அழுத்தம் கடைசியாக வரும் செய்தி. அழுத்தம் சரியாக இருந்தும் இதயத்திலிருந்து வெளியேறும் ரத்தம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருக்கும் நிலைக்கு மருத்துவர்கள் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்: 'இயல்பழுத்த அதிர்ச்சி'. வலது கீழறை சோர்ந்து, குழாய் சிகிச்சைக்கு வந்த இடைநிலை நோயாளிகளை அளந்து பார்த்த ஒரு பதிவேட்டில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இந்த நிலை இருந்தது.

யாருக்கு எந்த அளவு காவல்

எல்லா நோயாளிக்கும் ஒரே காவல் தேவையில்லை. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி நோயாளிகளை வகைப்படுத்துகிறது. இதயம் நின்றவர்கள், அதிர்ச்சி நிலைக்குப் போனவர்கள், மேல் அழுத்தம் 90க்குக் கீழே இறங்கியவர்கள், அல்லது வழக்கமான அளவிலிருந்து 40 புள்ளி குறைந்து 15 நிமிடத்துக்கு மேல் அப்படியே இருப்பவர்கள் அதிக ஆபத்துப் பிரிவினர். இவர்களுக்குக் காத்திருப்பதே கூடாது. தடை இல்லையென்றால் கட்டி கரைக்கும் மருந்தை உடனே கொடுக்க வேண்டும். மறுமுனையில், வயது, நாடி, அழுத்தம், ஆக்சிஜன் எல்லாம் நன்றாக இருந்து, இதயமும் பாதிக்கப்படாதவர்கள் குறைந்த ஆபத்துப் பிரிவினர். இவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிப்போடுவது அவர்களுக்கும் துன்பம், அந்தப் படுக்கைக்காகக் காத்திருப்பவருக்கும் இழப்பு. வீட்டில் கவனிக்க ஆள் இருந்தால் விரைவிலேயே மாத்திரையோடு அனுப்பிவிடலாம்.

நடுவில் இருப்பவர்கள்தான் நம் கவலை. அதிலும் எக்கோவிலோ சி.டி.யிலோ வலது கீழறை விரிந்திருந்து, இதயத் தசையின் பாதிப்பைக் காட்டும் டிராப்போனினும் ரத்தத்தில் உயர்ந்திருப்பவர்களை 'இடைநிலை-அதிகம்' என்று பிரிக்கிறார்கள். அழுத்தம் நன்றாக இருக்கும், பேசுவார்கள், சாப்பிடுவார்கள். இவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு 2014இல் வெளியான 'பெய்தோ' ஆய்வு விடை தந்தது. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட நோயாளிகள். எல்லாருக்கும் ஹெப்பாரின், பாதிப் பேருக்குக் கூடுதலாக டெனெக்டிபிளேஸ் என்ற கரைப்பு மருந்து. ஏழு நாளுக்குள் மரணமோ ரத்த ஓட்டச் சரிவோ நேர்ந்தது ஹெப்பாரின் மட்டும் பெற்றவர்களில் 5.6 சதவீதம், கரைப்பு மருந்தும் பெற்றவர்களில் 2.6 சதவீதம். ஆனால் பக்கவாதம் முன்னவருக்கு 0.2, பின்னவருக்கு 2.4 சதவீதம், பெரும்பாலும் மூளையில் ரத்தக் கசிவால் வந்தது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடுங்கிக்கொண்டது மருந்து. அதனால்தான் இன்றைய நெறி: இவர்களுக்குக் கரைப்பு மருந்தை வழக்கமாகக் கொடுக்காதே, கண்காணி, நிலைமை சரியத் தொடங்கினால் உடனே கொடு.

இந்த நெறியின் முழுப் பாரத்தையும் தாங்குவது 'கண்காணி' என்ற ஒரு கட்டளை. கண்காணிப்பு இல்லாத இடத்தில் இந்த நெறிக்கே பொருள் இல்லை. அதே ஆய்வில், ஹெப்பாரின் மட்டும் பெற்றுச் சரிந்தவர்கள் சராசரியாக 1.8 நாள் கழித்துச் சரிந்தார்கள். அதாவது சேர்த்த அன்று இரவோடு ஆபத்து முடிவதில்லை. மறுநாள் 'இன்று தேவலை' என்று பொது வார்டுக்கு மாற்றும் நேரத்தையும் தாண்டி அது நீள்கிறது. என் தலைப்பில் உள்ள மூன்று நாள் கணக்கு அங்கிருந்து வந்தது.

ஒரு சார்ட்டைப் படிப்போம்

விளக்கத்துக்காக ஒரு நோயாளியைக் கற்பனை செய்துகொள்வோம். 56 வயது அம்மா. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை நடந்து பத்து நாள். நுரையீரல் அடைப்பு உறுதியாகி ஹெப்பாரின் தொடங்கியாயிற்று.

மாலை 6 மணி: அழுத்தம் 118/76, நாடி 104, மூச்சு நிமிடத்துக்கு 22, இரண்டு லிட்டர் ஆக்சிஜனில் செறிவு 94.

இரவு 10 மணி: அழுத்தம் 112/78, நாடி 112, மூச்சு 26, நான்கு லிட்டரில் செறிவு 93.

இரவு 2 மணி: அழுத்தம் 104/80, நாடி 122, மூச்சு 30, ஆறு லிட்டரில் செறிவு 92.

அழுத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு மூன்று வேளையும் 'நார்மல்'. செறிவை மட்டும் பார்ப்பவருக்கு ஒன்றிரண்டு புள்ளிதான் வித்தியாசம். இப்போது நான்கையும் சேர்த்துப் படிப்போம். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்தால் வருவது அதிர்ச்சிக் குறியீடு. அது 0.88இலிருந்து 1.0க்கும், பிறகு 1.17க்கும் போயிருக்கிறது, ஒன்றைத் தொட்டாலே விழித்துக்கொள்ள வேண்டும். மேல் அழுத்தத்துக்கும் கீழ் அழுத்தத்துக்கும் உள்ள இடைவெளி 42, 34, 24 என்று சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தம் குறைகிறது என்பது அதன் பொருள். செறிவு அசையாமல் இருப்பதற்கு நாம் ஆக்சிஜனை மூன்று மடங்காக்கியதே காரணம். எத்தனை லிட்டரில் என்று எழுதாத செறிவு, பாதிச் செய்தியைத்தான் சொல்கிறது.

இங்கிலாந்தின் ராயல் மருத்துவக் கல்லூரி 2012இல் கொண்டுவந்து 2017இல் திருத்திய 'நியூஸ்' என்ற முன்னெச்சரிக்கை மதிப்பெண் இருக்கிறது. மூச்சு, செறிவு, ஆக்சிஜன் கொடுக்கிறோமா, மேல் அழுத்தம், நாடி, உணர்வு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவு என்று வைத்துக்கொண்டால், இந்த அம்மாவுக்கு மாலையில் 6, இரவு பத்துக்கு 9, இரண்டுக்கு 10. ஐந்தைத் தொட்டால் மருத்துவர் விரைந்து வந்து பார்க்க வேண்டும். ஏழைத் தொட்டால் அவசரநிலை. பத்து மணிக்கே அவசரநிலை வந்துவிட்டது. அப்போது அழுத்தம் 112. இரண்டு மணிக்குப் பிறகு அழுத்தம் விழும்போதுதான் ஓடிவந்தால், நான்கு மணி நேரத்துக்கு மேல் நாம் வீணாக்கிவிட்டோம் என்று ஆகும்.

எதை, எப்படிப் பார்ப்பது

இளைய செவிலியர்களுக்கும் பயிற்சி மருத்துவர்களுக்கும் சில நடைமுறைச் சொற்கள்.

மூச்சை எண்ணுங்கள். உடலின் அடிப்படை அளவுகளில் மிகவும் புறக்கணிக்கப்பட்டது மூச்சு எண்ணிக்கை. வார்டு முழுவதும் எல்லா நோயாளிக்கும் 18, 20 என்று எழுதப்பட்ட சார்ட்டை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கடிகாரத்தைப் பார்த்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இந்த நோயில் முதலில் மாறும் எண்களில் ஒன்று அது.

நோயாளியின் பழைய அழுத்தத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். வழக்கமாக 160 இருப்பவருக்கு 115 வந்தால் அது நல்ல பிரஷர் இல்லை. 45 புள்ளி இறங்கியிருக்கிறது. அதேபோல் பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடி ஏறாது. நாடி 84 என்று ஆறுதல் கொள்வதற்கு முன் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள்.

பல்ஸ் ஆக்ஸிமீட்டர் ஜப்பானின் தக்குவோ அயோயாகி 1970களில் நமக்குத் தந்த பெருங்கொடை. ஆனால் சில்லிட்ட விரலிலும் நகப்பூச்சு போட்ட விரலிலும் அது தடுமாறும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு உண்டு என்று அமெரிக்க மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு ஒன்று 2020இல் காட்டியது. நம் ஊரில் இதை நாம் நினைவில் வைக்க வேண்டும். திரையில் 93, நோயாளி திணறுகிறார். அப்போது நோயாளியை நம்புங்கள். தமனி ரத்தத்தை எடுத்துச் சோதியுங்கள். லாக்டேட் அளவும் அதில் தெரியும். 2க்கு மேல் போனால் திசுக்களுக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள்.

தொட்டுப் பாருங்கள். கையும் காலும் குளிர்ந்திருக்கின்றனவா, வியர்க்கிறதா, மணிக்கு எவ்வளவு சிறுநீர் இறங்குகிறது, நேற்றுவரை கதை பேசியவர் இன்று பதில் மட்டும் சொல்கிறாரா? நம் மருத்துவமனைகளில் நோயாளியின் கூடவே இருக்கும் உறவினருக்கு இது முதலில் தெரிந்துவிடும். "சிஸ்டர், அம்மா என்னவோ மாதிரி இருக்காங்க" என்று மகள் வந்து சொன்னால் அது தொந்தரவு அல்ல. அது ஒரு பரிசோதனை முடிவு. அளவெடுக்கும் நேரம் வரவில்லை என்று காத்திராமல் அப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

எழுந்து நடக்கும் நேரம் ஆபத்தானது. இந்த நோயாளிகள் கழிப்பறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுவது வார்டில் வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும். மருந்து வேலை செய்யத் தொடங்கி நிலைமை திடப்பட்டவர்களை நடக்கவிடலாம். வீணாகப் படுக்கவைக்க வேண்டாம். ஆனால் இடைநிலை-அதிகம் பிரிவினருக்கு முதல் நாளில் படுக்கையிலேயே வசதி செய்துகொடுங்கள். முக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். முதல்முறை எழும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

அழுத்தம் குறைந்தால் நம் கை பழக்கத்தால் சலைனைத் திறக்கப் போகிறது. வயிற்றுப்போக்கில் உயிர்காக்கும் அந்தப் பழக்கம் இங்கே உயிரைக் குடிக்கும். ஏற்கெனவே விரிந்து திணறும் வலது கீழறைக்குள் இரண்டு பாட்டிலை இறக்கினால் அது மேலும் விரிந்து இடப்பக்கத்தை நசுக்கும். மருத்துவர் சொன்னால் அரை லிட்டருக்குள், மெதுவாக. அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்க நார்அட்ரினலின். செயற்கைச் சுவாசக் குழாய் போடுவதும் அப்படித்தான். மயக்க மருந்தும் காற்றழுத்தமும் சேர்ந்து இதயத்தை நிறுத்திவிடக்கூடும் என்பதால், மூத்தவர் ஒருவர் வந்த பிறகே அதில் இறங்க வேண்டும்.

மருந்துக்கும் காவல் வேண்டும். சிரை வழியாகத் தொடர்ந்து செலுத்தும் ஹெப்பாரினுக்கு ஆறு மணி நேரத்தில், ரத்தம் உறையும் நேரத்தை அளக்கும் ஏ.பி.டி.டி. பார்த்து அளவைத் திருத்த வேண்டும். அந்த ரத்தம் எடுக்கப்படாமல் இரவு கழிந்தால், நோயாளி மருந்து இருந்தும் மருந்தில்லாதவராக இருக்கிறார். தோலடியில் போடும் எனாக்ஸாபாரினுக்கு எடையும் சிறுநீரகத்தின் நிலையும் தெரிய வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் தட்டணுக்கள் பாதிக்கு மேல் இறங்கினால், ஹெப்பாரினே உறைவை உண்டாக்கும் அரிய எதிர்வினையோ என்று சந்தேகிக்க வேண்டும். கட்டி கரைக்கும் மருந்து கொடுத்தவருக்குத் தலைவலி, வாந்தி, குழறும் பேச்சு, கண்மணிகளில் ஏற்றத்தாழ்வு எது தோன்றினாலும் மருந்தை நிறுத்திவிட்டு அழைக்க வேண்டும். தசையில் ஊசி போடக் கூடாது.

அழைத்தால் யார் வருவார்கள்

இதுவரை சொன்ன எல்லாம் செவிலியர் தோளில் பாரம் ஏற்றுவதாகத் தோன்றலாம். அப்படி முடித்தால் அது அநீதி. இரவுப் பணியில் ஒரே செவிலியர் எத்தனை படுக்கைகளைப் பார்க்கிறார் என்பதை அறிவேன். மானிட்டர் இல்லாத வார்டுகளையும், ஓயாமல் அலறி அலறி யாரும் செவிகொடுக்காமல் போன மானிட்டர்களையும் அறிவேன். எண்ணை எழுதுகிறவருக்கு அந்த எண்ணைக் கொண்டு ஒருவரை எழுப்பும் உரிமையும், எழுந்தவருக்கு முடிவெடுக்கும் அதிகாரமும் இல்லாவிட்டால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதினாலும் அது காகிதச் செலவுதான்.

கிப்பன் கண்விழித்த அதே மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை 2012இல் ஓர் ஏற்பாட்டைத் தொடங்கியது. நுரையீரல் அடைப்பில் ஒருவர் சரியத் தொடங்கினால் ஒரே தொலைபேசி அழைப்பு. இதயம், நுரையீரல், தீவிர சிகிச்சை, கதிரியக்கம், இதய அறுவை ஆகிய துறையினர் உடனே இணைப்பில் கூடிப் பேசுகிறார்கள். படங்களைப் பார்த்து, கரைப்பதா, உறிஞ்சுவதா, அறுப்பதா, காத்திருப்பதா என்று சேர்ந்து முடிவெடுக்கிறார்கள். 'பெர்ட்' என்று பெயர். இன்று உலகின் பல நாடுகளில் அது பரவியிருக்கிறது. அதில் விலையுயர்ந்த கருவி எதுவும் இல்லை. இரவு இரண்டு மணிக்கு இன்னார் பேசுவார் என்ற உறுதி மட்டும் இருக்கிறது.

ஆகவே நிர்வாகத்தில் இருப்பவர்களிடம் நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று: நுரையீரல் அடைப்பு உறுதியான அன்றே, நோயாளி எந்த ஆபத்துப் பிரிவு என்பதை கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். அதன் கீழே, எந்த எண்ணைத் தொட்டால் யாரை அழைப்பது, சரிந்தால் எந்த மருந்து, அந்த மருந்துக்குத் தடை உண்டா என்பதை அப்போதே எழுதிக் கையொப்பமிடுங்கள். அறுவை முடிந்து பத்து நாளான அந்த அம்மாவுக்குக் கரைப்பு மருந்து கொடுக்கலாமா என்ற விவாதத்தை இரவு இரண்டு மணிக்குத் தொடங்கக் கூடாது. மாலை ஆறு மணிக்கே முடித்திருக்க வேண்டும்.

இரண்டு: எழுதிய எல்லையைத் தாண்டினால், பயிற்சி மருத்துவரைத் தேடி, அவர் மேலவரைத் தேடி என்ற படிக்கட்டு இல்லாமல், மூத்த மருத்துவரை நேரே அழைக்கும் உரிமையைச் செவிலியருக்கு எழுத்தில் கொடுங்கள். வீணாக அழைத்ததற்காக ஒருவரும் கடிந்துகொள்ளப்படக் கூடாது.

மூன்று: மாவட்ட மருத்துவமனைக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் இடையே இந்த நோய்க்கென ஓர் ஆலோசனைத் தொடர்பை ஏற்படுத்துங்கள். 108 வண்டியில் ஏற்றி அனுப்புவதா, அங்கேயே மருந்து கொடுப்பதா என்பதைச் சிறிய மருத்துவமனையில் தனியாக நிற்கும் இளம் மருத்துவர் ஒருவர் மட்டும் சுமக்கக் கூடாது.

நான்கு: வீட்டுக்குப் போகும்போது, மாத்திரை குறைந்தது மூன்று மாதம், அதன்பின் இன்ன நாளில் மறுபரிசோதனை என்று தேதி போட்டுக் கொடுங்கள். கரையாத கட்டி தழும்பாகி, நுரையீரல் அழுத்தம் நிரந்தரமாக உயர்ந்துபோகும் ஒரு சிலர் உண்டு. மூன்று மாதம் கழித்தும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சொல்பவரை எக்கோ பார்க்காமல் அனுப்பக் கூடாது.

மாணவ மாணவியருக்கு ஒரு வார்த்தை. இன்னும் சில ஆண்டுகளில் உங்கள் வார்டுகளில் நல்ல மானிட்டர்கள் வரும். எண்களைத் தானே கூட்டி எச்சரிக்கும் மென்பொருள் வரும். வரட்டும், வரவேற்போம். அவை வந்த பிறகும், அந்த எண் இந்த நோயாளிக்கு என்ன பொருள் தருகிறது என்று அறிந்தவர் ஒருவர் படுக்கையருகே வேண்டும். அவர் அழைத்தால் வரும் இன்னொருவர் வேண்டும். இந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதிக்கும் மருத்துவமனையில் இந்த நோயால் நேரும் மரணங்களில் பலவற்றைத் தடுக்க முடியும் என்று உறுதியாக நம்புகிறேன். நான் கேட்ட நான்கில் முதலாவதைத் தொடங்க நிதி ஒதுக்கீடு தேவையில்லை, அரசாணை தேவையில்லை; நாளைக் காலை ரவுண்ட்ஸில் ஒரு பேனாவே போதும். அதை நாளைக்கே தொடங்குங்கள்.